பாடியவர் பெயர் என்ன?

பெங்களூருக்குப் போகும் தமிழர்கள் லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, கமர்ஷியல் தெரு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓசூர் வழியாக ஊர் திரும்பிவிடுவார்கள். நகரின் தென்பகுதியில், ஜே.பி. நகர் ஏழாவது ஃபேஸில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் ஓர் அருங்காட்சியகம் பெரும்பாலோர் பட்டியலில் இடம் பெறுவதில்லை. ‘இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது அதன் முழுப்பெயர். ஐ.எம்.இ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2019 ஜூலையில் திறக்கப்பட்டது. பார்வையாளர் தொட்டும் கேட்டும் வாசித்தும் பார்க்கும்படி அமைந்த முதல் இந்திய இசை அருங்காட்சியகம் என்ற பெயர் இதற்கு உண்டு.

கட்டியது அரசு அல்ல. பிரிகேட் குழுமம் என்ற கட்டுமான நிறுவனத்தின் ஆதரவில் உருவான ஓர் அறக்கட்டளை. அந்தக் குழுமத்தின் நிறுவனர் எம்.ஆர். ஜெய்சங்கர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அப்போது ‘எக்ஸ்பீரியன்ஸ் மியூசிக் புராஜெக்ட்’ என்ற பெயரில் இருந்த அருங்காட்சியகத்தைப் பார்த்தபோது, நம் ஊரில் இப்படி ஒன்று ஏன் இல்லை என்று யோசித்ததில் தொடங்கியது இந்தத் திட்டம். லாஸ் ஏஞ்சலஸில் கிராமி அருங்காட்சியகத்தை வடிவமைத்த காலகர் நிறுவனமே இதன் காட்சிக்கூடங்களையும் வடிவமைத்தது. வீடு கட்டி விற்பவர்கள் பாட்டுக்கும் ஒரு வீடு கட்டினார்கள் என்பது பாராட்ட வேண்டிய செய்திதான். மூவாயிரம் ஆண்டு இசை மரபு என்று மேடைதோறும் பேசும் நாட்டில், அந்த வேலையை ஒரு தனியார் நிறுவனம் தொடங்கிவைக்க 2019 வரை ஆயிற்று என்பது கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது.

உள்ளே போனதும் முதலில் வேதகாலமோ தியாகராஜரோ வருவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இன்றைய இசை முன்னால் நிற்கிறது: ராக், பாப், ஃபியூஷன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாசலிலேயே பிடித்துப் போடும் தந்திரம் இது. அவர்கள் அறிந்த பாட்டிலிருந்து அறியாத பாட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். அடுத்தடுத்து இந்துஸ்தானி, கர்நாடக மரபுகள், பல பண்பாடுகள் கலந்து நம் இசை உருவான கதை, மக்கள் பாடல்கள், விடுதலைப் போராட்டப் பாடல்கள், திரைப்பாடல்கள், ஒலிப்பதிவின் வரலாறு என்று கூடங்கள் விரிகின்றன. கருவிகளுக்கென்று உள்ள கூடத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இசைக்கருவிகள் இருக்கின்றன. உஸ்தாத் பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒன்றும் இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஆனால் இசை அருங்காட்சியகம் நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. வாளையும் நாணயத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பார்வையாளர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஷெனாயை அப்படி வைத்தால் அது துளை போட்ட ஒரு மரக்குழல், அவ்வளவே. ஊதினால்தான் அது ஷெனாய். இதற்கு ஐ.எம்.இ. கண்டுபிடித்த வழி, காதுக்கும் கைக்கும் வேலை கொடுப்பது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்கலாம், திரையைத் தொட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு தாளத்தைத் தட்டிப் பழகலாம்.

இந்த எண்ணம் முழுமையாகக் கைகூடியிருப்பது கட்டடத்துக்கு வெளியே உள்ள ஒலித்தோட்டத்தில். அங்கே உள்ள கருவிகளைச் செய்தவர்கள் ஆரோவில்லின் ‘ஸ்வரம்’ பட்டறைக்காரர்கள். சுற்றுவட்டாரத் தமிழ்க் கிராமத்து இளைஞர்களுக்குக் கருவி செய்யும் தொழிலைக் கற்றுக்கொடுத்து வளர்ந்த பட்டறை அது. அவர்கள் செய்யும் ‘முனகும் கல்’ ஒன்றைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பெரிய பாறையில் தலை நுழையும் அளவுக்கு ஒரு குழி குடைந்திருக்கும். தலையை உள்ளே விட்டு, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று மெல்ல இழுக்க வேண்டும். சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் சட்டென்று ஒலி பெருகி, மண்டை ஓட்டிலிருந்து நெஞ்சுக்கூடு வரை அதிரும். குழிக்குள் இருக்கும் காற்றுக்கு இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. நம் குரல் அதைத் தொடும்போது இரண்டும் ஒத்து அதிர்கின்றன. தம்புராவின் குடமும் வீணையின் குடமும் இதே இயற்பியலைத்தான் நம்பியிருக்கின்றன. ஒத்ததிர்வு பற்றிப் பாடப்புத்தகத்தில் நான்கு பக்கம் படிப்பதைவிட இது சுலபம். தலையை வெளியே எடுத்ததும் பிள்ளைகள் சிரிப்பதும் நிச்சயம்.

ஒலிப்பதிவு வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவில் அந்தக் கதை 1902 நவம்பரில் கல்கத்தாவில், ஹோட்டல் அறை ஒன்றில் தொடங்குகிறது. லண்டனிலிருந்து வந்த கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் அங்கே பதிவுக்கருவியை அமைத்திருந்தார். மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழாய்க்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் ராகத்தை விரிக்கப் பழகிய வித்வான்கள் பலர் தயங்கினார்கள். பாடகி கௌஹர் ஜான் தயங்கவில்லை. மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் சாரத்தைப் பிழிந்து கொடுத்துவிட்டு, பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைக் கணீரென்று அறிவித்தார்.

அந்த அறிவிப்புக்குக் காரணம் இருக்கிறது. பதிவு செய்த மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய், அங்கேதான் அச்சாகித் திரும்பும். அங்குள்ள தொழிலாளிக்குத் தாதராவும் தெரியாது, தும்ரியும் தெரியாது. எந்தத் தட்டில் யார் என்று அவர் அறிவதற்காக, பாடியவரே பெயரைச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. தொழிற்சாலை வசதிக்காகச் செய்த அந்தச் சின்ன ஏற்பாட்டால், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குரல் யாருடையது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. இதே கௌஹர் ஜான் கடைசிக் காலத்தில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் வாழ்ந்து 1930 ஜனவரியில் மைசூரிலேயே காலமானார். பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாவும் அந்தத் தலைமுறைக்காரர். அவர் போன இடமெல்லாம் இந்த ஊரின் பெயரும் கூடவே போயிற்று.

மேடைக் கலைஞர்களுக்குப் பெயர் இருந்தது. வயலில், தாலாட்டில், ஒப்பாரியில் பாடியவர்களுக்கு?

இந்தக் கேள்வியோடு சற்று அமெரிக்கா போய்வர வேண்டும். கண்ட்ரி மியூசிக் என்று உலகம் இன்று அழைக்கும் இசை, ஒரு காலத்தில் அப்பலாச்சிய மலைகளில் ஏழை விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் வீட்டுத் திண்ணையில் வாசித்த இசை. நகரவாசிகள் அதைப் ‘பட்டிக்காட்டுப் பாட்டு’ என்று ஏளனம் செய்தார்கள். 1927 கோடையில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் என்ற சிற்றூருக்குப் பதிவுக்கருவியுடன் போனார். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை, இரு வாரத்துக்குள், கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற இரண்டு புதையல்கள் அவருக்குக் கிடைத்தன. ராட்ஜர்ஸ் ரயில்வேயில் பிரேக் பிடிக்கும் வேலை பார்த்தவர், காசநோயாளி. 35 வயதில், 1933இல், இறந்துபோனார். அந்த ஆறு ஆண்டுகளுக்குள் அவர் பாடிய பாட்டுகள்தான் அந்த இசைக்கே அடித்தளம்.

1961இல் நாஷ்வில் நகரில் கண்ட்ரி இசைக்கான புகழ்மண்டபப் பட்டியல் தொடங்கியது. முதல் மூவரில் ஒருவர் அதே ராட்ஜர்ஸ். 1967இல் அருங்காட்சியகத்துக்கெனக் கட்டடம் திறந்தார்கள். 2001இல் நகரின் மையத்தில் உள்ள பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள். அதன் சன்னல் வரிசை பியானோக் கட்டைகளைப் போலத் தெரியும்படி கட்டப்பட்டது. மேபெல் கார்ட்டர் வாசித்த 1928ஆம் ஆண்டு கிப்சன் கிதார் அங்கே இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் தங்க முலாம் பூசிய கேடிலாக் காரும் இருக்கிறது. கூட்டம் காரைச் சுற்றித்தான் நிற்கும் என்று ஊகிக்கலாம். பிரிஸ்டலிலும் 2014இல் தனியாக ஓர் அருங்காட்சியகம் வந்தது. ஏளனம் செய்யப்பட்ட பாட்டுக்கு இரண்டு ஊர்களில் மாளிகை.

அங்கேயும் பெயர் விவகாரம் நேர்மையாக நடக்கவில்லை. கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பழம்பாட்டுகளைத் திரட்டினார். அவரோடு கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை நினைவில் வைத்துக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. மேபெல் அவரிடமிருந்து வாசிப்பு முறையையும் கற்றுக்கொண்டார். தட்டுகளில் கார்ட்டரின் பெயர் வந்தது, ரிடிலின் பெயர் வரவில்லை. 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிப் பிடித்த பிறகுதான் அவரை வெளியுலகம் அறிந்தது. நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ நிகழ்ச்சியில் தொடக்க காலத்திலேயே புகழ்பெற்ற ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லியும் கறுப்பினத்தவர். 1941இல் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் ஷூ பாலிஷ் கடை நடத்திப் பிழைத்தார். 1982இல் இறந்தார். புகழ்மண்டபப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2005இல். அருங்காட்சியகம் என்ற அமைப்பு இருந்ததால்தான் அந்தப் பிழையைத் திருத்தவாவது ஓர் இடம் இருந்தது என்றும் சொல்லலாம்.

அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் ஜே.பி. சந்திரபாபுவை நினைத்துக்கொள்ளலாம். தொண்டையை உடைத்து உடைத்துக் கீழ்ச்சுருதிக்கும் மேல்சுருதிக்கும் தாவும் யோடலிங் பாணியைத் தமிழ்த் திரையில் பாடிக் காட்டியவர் அவர். ஆல்ப்ஸ் மலை இடையர்களின் அந்தப் பாணியை இசைத்தட்டு வழியாக உலகமெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். இந்தியில் கிஷோர் குமார் ராட்ஜர்ஸின் தட்டுகளைக் கேட்டுத்தான் அதைப் பழகினார் என்பார்கள். தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்ததும் அதே 1927இல்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்திருக்கிறது. கண்ட்ரி இசையில் உருகி ஒலிக்கும் ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. கம்பியின்மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் அந்த முறை இந்தியாவுக்கும் வந்து, நம் கமகங்களுக்கு வாகாக அமைந்தது. ஜெய்ப்பூரின் விஸ்வமோகன் பட் கிதாரையே மாற்றியமைத்து மோகன வீணை ஆக்கினார். அமெரிக்கரான ரை கூடருடன் சேர்ந்து அவர் வாசித்த ஆல்பத்துக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது. பிறகு கண்ட்ரி, புளூகிராஸ் கலைஞர்களான ஜெர்ரி டக்ளஸ், பேலா ஃபிளெக் ஆகியோரோடும் அவர் சேர்ந்து வாசித்திருக்கிறார்.

பெங்களூருக்குத் திரும்புவோம். ஐ.எம்.இ.யின் மக்கள் பாடல்கள் கூடம் நாட்டுப்புற இசைக்கு உரியது. பாராட்டத்தக்க கூடம். ஆனால் இந்தியாவில் எங்கே நாட்டுப்புற இசையைக் காட்சிக்கு வைத்தாலும் ஒரு வேறுபாடு கண்ணில் படும். செவ்வியல் இசை என்றால் எம்.எஸ்., பீம்சேன் ஜோஷி, பிஸ்மில்லா கான் என்று ஆட்களாக அறிகிறோம். நாட்டுப்புறம் என்றால் ராஜஸ்தான், வங்காளம், கர்நாடகம் என்று பகுதிகளாக அறிகிறோம். பாடியவர் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று பதிவு செய்தவர்களுக்குத் தோன்றாததன் விளைவு இது. காட்சிக்கூடம் அமைப்பவர் என்ன செய்வார், ஏட்டில் இருப்பதைத்தானே எழுத முடியும்?

கம்சாளையை எடுத்துக்கொள்வோம். சாமராஜநகர் மாவட்டத்து மலே மகதேஸ்வர மலை, சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்தர்களுக்கு மாதேஸ்வரன் மலை. அந்தச் சாமியின் கதையை இரவெல்லாம் பாடும் கலைஞர்கள் கையில் இருப்பது கம்சாளை என்ற வெண்கலத் தாளம். ஒரு கையில் கிண்ணம் போன்ற தாளத்தை ஏந்தி, மறு கையில் கயிற்றில் தொங்கும் தட்டைச் சுழற்றி அடிக்க வேண்டும். ஆட்டம் சூடு பிடித்தால் கயிறு தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சுழலும். தாளம் மட்டும் பிசகாது. கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டார்கள், மாதேஸ்வரன் பாட்டு அந்தக் கோட்டைக் கண்டுகொண்டதே இல்லை. அந்த நெடுங்கதையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் ஒரு மகாவித்வான். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதர் ஒருவர் கர்நாடகத்தில் இருந்தார். எச்.எல். நாகேகௌடா, ஐ.ஏ.எஸ். அதிகாரி. பணிக்காலத்திலேயே நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டத் தொடங்கியவர், 1979இல் கர்நாடக ஜனபத பரிஷத்தை நிறுவி, 1994இல் ராமநகரத்துக்கு அருகே, பெங்களூர் - மைசூர் சாலையோரம் பதினைந்து ஏக்கரில் ‘ஜனபத லோக’த்தை உருவாக்கினார். தோல்பாவை, யட்சகான உடை, உழவுக் கருவி, பாண்டம், மேளம் என்று கிராமத்து வாழ்க்கை அங்கே பரந்து கிடக்கிறது. ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஐ.எம்.இ.யின் பளபளப்பு அங்கே கிடையாது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர்களுக்கு எது பிடிக்குமோ தெரியாது. நாட்டுப்புற இசையைப் பொறுத்தவரை ராமநகரத்துக்குத்தான் கனம் அதிகம்.

தமிழ்நாட்டு நிலவரம்? கருவிகளைச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி போன்றவர்கள் சென்னையில் அந்தக் காலத்திலேயே பாடுபட்டார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. மதுரையின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைத் திரட்டினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கொல்லங்குடி கருப்பாயி 1985இல் வந்த ‘ஆண்பாவம்’ படத்தால் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். பரவை முனியம்மா, புஷ்பவனம் குப்புசாமி என்று நம் மக்கள் பாடகர்கள் ஊர்ப்பெயரையே முன்னொட்டாகச் சுமந்துகொண்டு வந்ததால் அவர்கள் மண் எது என்பதாவது தெரிகிறது. சினிமாவோ வானொலியோ தொட்டவர்கள் இவர்கள். தொடாதவர்கள் எத்தனையோ மடங்கு. ஆனாலும் ஐ.எம்.இ. அளவுக்கு ஓர் இசை அருங்காட்சியகம், மார்கழியில் ஊரெல்லாம் சபாக்களாக மாறும் சென்னையில் இன்னும் இல்லை.

பெயரைத் தேடிப் போனால் கிடைக்கும் என்பதற்குச் சான்று உண்டு. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பேக் 1938இல் தென்னிந்தியக் கிராமங்களில் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்ற ஆய்வாளர் இணையர் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே தமிழ்நாட்டு, கேரள, கர்நாடக ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். ஊராருக்குப் போட்டுக் காட்டி, பாட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றனவா, பாடியவர்களின் வழிவந்தவர்கள் யார் என்று விசாரித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். இன்னும் அரை நூற்றாண்டு தள்ளிப்போட்டால் இருக்க மாட்டார்கள்.

பெங்களூர் போகிறவர்கள் ஜே.பி. நகருக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. ஊரில் இருப்பவர்களுக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பரணில் பழைய ஒலிநாடாக்கள் கிடந்தால் இறக்குங்கள். திருவிழாவில் பிடித்த வில்லுப்பாட்டாக இருக்கலாம், பாட்டியின் தாலாட்டாகவோ சாவு வீட்டு ஒப்பாரியாகவோ இருக்கலாம். நாடாவின் மேல்பூச்சு ஈரத்தில் பூசணம் பிடித்து உதிர்ந்துகொண்டே வரும், ஆகவே சீக்கிரம் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்தச் சடங்கு, எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு உறைமேல் எழுதுங்கள். கைப்பேசியில் புதிதாகப் பதிவு செய்பவர்கள் பாட்டுத் தொடங்கும் முன்பு, “ஆத்தா, ஒங்க பேரையும் ஊரையும் ஒருவாட்டி சொல்லுங்க” என்று கேட்டு அவர் குரலிலேயே அதைப் பிடித்துவிடுங்கள்.